முறை வைத்துக் கூப்பிட்டவர்

வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவர் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை.

நான் அந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உடுப்பு மாற்றும் அறையில் எனக்குப் பக்கத்து அலுமாரியைத் திறந்துகொண்டு நின்றார். கட்டையான, இறுக்கிக் கொண்டை போட்ட நேபாளப் பெண். ஒஸ்லோவில் வேலையிடத்தில் புது ஆளைக் கண்டால் கையை நீட்டிப் பெயரைச் சொல்வதுதான் வழக்கம். நானும் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எந்த வருசம் பிறந்தனீர்?"

சொன்னேன்.

"அதே வருசம்தான் நானும். எந்த மாதம்?"

"ஒக்டோபர்."

அவர் முகம் தெளிந்தது. "நான் மே. அப்ப நான் தீதி. நீர் பஹினி."

தீதி என்றால் அக்கா, பஹினி என்றால் தங்கை. விஷயம் முடிந்தது என்பதுபோல் அவர் அலுமாரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். என் கை நீட்டியபடியே இருந்தது. நாங்கள் இருவரும் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான், அதுவும் ஆளுக்கொரு விதமாக உடைத்து உடைத்து. ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் பேசியதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த நாள் காலை நான் "ஹை" என்றேன். இந்த நாட்டில் மன்னருக்கும் அதுதான், பேருந்துச் சாரதிக்கும் அதுதான். அவருக்குக் காது கேட்கவில்லை. மூன்றாம் நாளும் கேட்கவில்லை. இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும், மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவார் என்பது அவர்கள் வழக்கம் என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு. ஐந்து மாதம் மூத்ததற்கெல்லாம் கும்பிடு போடுவதா என்று ஒரு கிழமை முழுக்க ஹை சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள் பொறுமை கெட்டு, நக்கலாக, இரண்டு கையையும் கூப்பித் தலையை நிலம் வரைக்கும் குனிந்து "நமஸ்தே தீதி" என்றேன். அவர் நக்கலைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முறையாகக் கைகூப்பினார். தன் குடுவையிலிருந்து ஏலக்காயும் மிளகும் போட்ட தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் எனக்கு அந்தத் தேநீர் ஒரு நாளும் தவறவில்லை.

நேபாள மொழியில், எங்களிடம் நீ, நீர், நீங்கள் இருப்பதுபோல, ஆளைப் பார்த்து விளிக்க மூன்று படி இருக்கிறது. அதற்கும் மேலே ஹஜூர். பெரியவர்களை அழைக்கவும் ஹஜூர். அவர்கள் அழைத்தால் என்னவென்று கேட்கவும் ஹஜூர். சொன்னது விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பதற்கும் ஹஜூர். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வந்தவரை, எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி நீ என்று அழைக்கும் நாட்டில் விதி கொண்டுவந்து விட்டிருந்தது.

எங்கள் பிரிவின் தலைவி முப்பத்தைந்து வயதுகூட ஆகாத நோர்வேஜியப் பெண். தீதியால் அவரை எதுவும் கூப்பிட முடியவில்லை. வயதில் இளையவர் என்று தங்கை முறை வைத்தால் பதவிக்குக் குறைவு. பதவியில் பெரியவர் என்று அக்கா முறை வைத்தால் வயதுக்குப் பொய். பெயர் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஏதாவது சொல்லவேண்டுமென்றால் தலைவியின் அறை வாசலில் போய் நின்றுகொள்வார். தலைவி கணினியிலிருந்து தலையைத் தூக்கும்வரை நிற்பார். "ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கிறாய்? கூப்பிட்டிருக்கலாமே!" என்று தலைவி பதறுவார். ஒருமுறை மருந்து அலுமாரியின் சாவி காணாமற்போன அவசரத்திலும் அப்படித்தான் போய் நின்றார். பின்னாலிருந்து நான்தான் கத்தினேன்.

இல்லத்தில் இருந்த வயோதிபர்களிடம் நீ என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை. நோர்வேஜிய மொழியிலும் ஒரு காலத்தில் மரியாதைச் சொல் ஒன்று இருந்தது. இப்போது அதை யாரும் தொடுவதில்லை. ஏதோ பழைய மொழிப் புத்தகத்தில் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் பாவிக்கத் தொடங்கினார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்த ஒரு கிழவி, மறதி நோயில் எங்களையெல்லாம் அடிக்கிறவர், தீதி இரண்டடி தள்ளி நின்று கைகூப்பி அந்தச் சொல்லால் கேட்டால் மட்டும் எழுந்து குளிக்க வருவார். பழைய துறைமுகத் தொழிலாளி ஒருவருக்கோ கோபம் வந்துவிட்டது. "நான் என்ன மன்னரா? என்னை நக்கலடிக்கிறியா?" என்று கத்தினார். தீதி மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாளிலிருந்து, "கோப்பி ஊத்தட்டோ? சன்னல் திறக்கலாமோ? இண்டைக்கு நித்திரை எப்பிடி?" என்று ஆளைச் சுட்டும் சொல்லே வராமல் பேசினார். இரண்டு வருடம் அப்படியே பேசினார். அந்த மனிதர் சாகும்வரை அதைக் கவனிக்கவில்லை.

"இவ்வளவு கயிட்டப்படுறதுக்கு ஒரு நீயைச் சொல்லிப்போட்டுப் போகலாமே, தீதி," என்று கேட்டிருக்கிறேன்.

"பஹினி, ஆளைக் கூப்பிடேக்கை அவர் எங்கை நிக்கிறார், நான் எங்கை நிக்கிறன் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியவேணும். தெரியாட்டி முட்டுப்படுவம்."

எனக்கு இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அவர் வீட்டில் அந்தப் பெரியவர் வந்து இருக்கத் தொடங்கும்வரை.

தீதி இருந்தது எல்லிங்ஸ்ருட்டில், என் வீட்டிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி. கணவர் லில்லெஸ்ட்ரோமில் ஒரு உணவகத்தில் சமையல். பிள்ளைகள் இல்லை. கணவருடைய அண்ணன், எழுபது கடந்தவர், மனைவி இறந்த பிறகு ஊரில் தனியாக இருக்கிறார் என்று அழைத்து வந்தார்கள். கணவரின் அண்ணனை அவர்கள் ஜேட்டாஜு என்கிறார்கள். அந்த உறவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜேட்டாஜுவும் தம்பியின் மனைவியும் ஒருவரையொருவர் தொடக்கூடாது. தற்செயலாகத் தோள் பட்டாலும் இருவருக்கும் பாவம். இந்தக் காலத்தில் பலர் இதை விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை.

ஐம்பது சதுர மீட்டர் வீட்டில் இரண்டு பேர் முட்டாமல் வாழ்வதை நான் அங்கேதான் பார்த்தேன். தீதி நடைபாதையால் வரும்போது கரண்டியால் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு வருவார். பெரியவர் சுவரோடு ஒதுங்குவார். தீதி சாப்பாட்டைச் சின்ன முக்காலியில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போவார். அதன் பிறகுதான் பெரியவர் தட்டை எடுப்பார். பெரியவருக்கு முன்னால் தீதி தலையை மூடவேண்டும். சேலை இல்லாத நாளில் என்ன செய்வது? குளிருக்குப் போடும் கம்பளித் தொப்பியை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நிற்பார். அடுப்படியில் அவியும் சூட்டில், தொப்பியோடு, வாசல் நிலையில் நின்று கைகூப்பி "ஹஜூர், தேத்தண்ணி" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

என்னிடம் மட்டும் பெரியவர் வேறு ஆள். முதல் நாள் நான் யாரென்று கேட்டார். தன் பஹினி என்று தீதி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். பெரியவரின் முகம் அப்படியே விரிந்தது. "சோல்டினி!" என்றார். தம்பி மனைவியின் சகோதரி என்றால் கேலி பேசும் முறையாம். தொடலாம், பகிடி விடலாம், சட்டையைப் பார்த்துப் பழிக்கலாம். ஏறெடுத்துப் பார்க்கவே கூடாத பெண்ணின் தங்கையாக வந்த எனக்கு இத்தனை சலுகை. அவருக்குத் தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லையும் எனக்குத் தெரிந்த பத்து நேபாளச் சொல்லையும் வைத்து நாங்கள் ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்போம். தீதி அடுப்படிக்குள் சிரிப்பது கேட்கும்.

ஒரு தை மாதச் சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"பஹினி, ஓடி வாரும். அவர் குளியலறையிலை விழுந்திட்டார்."

வெளியே கண்ணாடி மாதிரி உறைபனி. ஓட முடியாது. நான்கு கட்டடத்தைத் தாண்ட எனக்கு எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ பிடித்தது. கதவு திறந்தே கிடந்தது. குளியலறை வாசலில் தீதி தொப்பியோடு நின்றார். கையில் தொலைபேசி. அம்புலன்ஸ்காரர் அதில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பக்கவாட்டில் திருப்பு. வாயில் இரத்தம் தேங்கக்கூடாது. திருப்பிவிட்டாயா?" உள்ளே சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பெரியவர் மல்லாந்து கிடந்தார். புருவம் கிழிந்து, உதடு வெடித்து, தொண்டையில் களக் களக்கென்று சத்தம். தீதி நேபாள மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஹஜூர் போட்டு. தலையைச் சரித்துக்கொள்ளுங்கள், ஹஜூர். வலது பக்கம், ஹஜூர். கூட்டும் தும்புத்தடியால் ஒரு தலையணையை அவர் தலைக்குக் கிட்டத் தள்ளி வைத்திருந்தார். கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

நான் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பெரியவரைத் திருப்பினேன். வாயிலிருந்து இரத்தம் வழிந்து தரைக்குப் போனது. மூச்சு சீராகியது. என் முகத்தைப் பார்த்து "சோல்டினி" என்றார், அந்த நிலையிலும். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனார்கள்.

அவர்கள் போனபின் தீதியின் பக்கம் திரும்பினேன். எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது.

"ஒரு நாளைக்கு இருவது கிழவரைத் தூக்கிக் கிடத்திறியள். உங்கட ஆளை ஒருக்காத் திருப்ப ஏலாதே? நான் வராட்டில் என்ன செய்திருப்பியள்? பாத்துக்கொண்டு நிண்டிருப்பியளோ?"

தீதி தொப்பியைக் கழற்றினார். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நான் காலை எடுத்து வைச்சனான், பஹினி. அவர் கையைக் காட்டி வேண்டாம் எண்டவர். மூண்டு தரம்."

"விழுந்து கிடக்கிற மனிசன் சொல்லுறதைக் கேக்கிறதே?"

"வேலையிலை கேக்கிறம்தானே? ஒருத்தர் தொடாதை எண்டால் தொடக்கூடாது எண்டுதானே எங்களுக்குப் படிப்பிச்சவை? வேண்டாம் எண்டு நோர்வேக்காரர் சொன்னால்தான் வேண்டாமோ?"

அது என் ஆத்திரத்தைக் கூட்டியது. சரி, அப்பா என்று முறையை மாற்றிவிட்டு இனிமேலாவது தூக்குங்களேன் என்றேன். "அவர் எனக்கு அப்பா எண்டால், என்ரை மனிசன் எனக்குச் சித்தப்பா ஆகிவிடுவார்," என்றார். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பிறகு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தகப்பன் இல்லாத வீட்டிலை என்ரை மனிசனை வளர்த்தவர் இவர். இஞ்சை அவருக்குப் பாசை இல்லை, வேலை இல்லை, தெரிஞ்ச தெரு இல்லை. நான் எட்ட நிண்டு கும்பிடுறது ஒண்டுதான் மிச்சம். அதையும் எடுத்துப்போட்டால் அவர் குளியலறையிலை விழுந்த ஒரு கிழவர், அவ்வளவுதான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது எங்கட வீட்டு விசயம். வேலையிடத்திலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, பஹினி."

"சொல்லமாட்டன்," என்றேன்.

ஆசுபத்திரியில் இடுப்புக்குச் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமையில் பெரியவரை வெளியே விட்டார்கள். நடக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. நகரசபை அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கொடுத்தது. அது எங்கள் இல்லம். எங்கள் பிரிவு.

தலைவிக்கு ஒரே மகிழ்ச்சி. உறவினரைப் பராமரிக்க உறவினரைப் போடுவது வழக்கமில்லை. ஆனால் நேபாள மொழி தெரிந்தவர் வேறு யாருமில்லை என்று மேலிடத்தில் கதைத்து விதிவிலக்கு வாங்கியிருந்தார். கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், "எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்கள், சொந்த மொழியில் சொந்தக்காரி பார்த்துக்கொள்ளப் போகிறாள்," என்றார். பெரியவரின் பொறுப்பாளர் என்று பலகையில் தீதியின் பெயரை எழுதினார். தீதி என்ன சொல்வார்? அந்த அறையில் சொல்லக்கூடிய சொல் அவரிடம் இருக்கவில்லை. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தார்.

அதன்பிறகு ஏழு கிழமை நாங்கள் இருவரும் திருடர்கள் போல வேலை செய்தோம். பெரியவரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கதிரைக்குத் தூக்குவது எல்லாம் நான். அதற்கு ஈடாக என் பங்குக்குரிய இரண்டு பேரைத் தீதி பார்த்தார். என்னுடைய வேலை நேரத்தையும் அவருடைய வேலை நேரத்தையும் ஒன்றாக்க ஒவ்வொரு கிழமையும் யாரையாவது கெஞ்சி மாற்றினோம். நான் இல்லாத நாட்களில் வேறு யாரையாவது ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளே அனுப்புவார். இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்பார். கை சுளுக்கு என்பார். தீதி பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஏழு கிழமையில்தான்.

காலையில் வந்ததும் பெரியவரின் அறை வாசலில் நின்று, தலையில் துவாய் ஒன்றைப் போட்டு, கைகூப்பி, "ஹஜூர், நித்திரை வந்ததோ?" என்று கேட்பார். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். சாப்பாட்டில் என்ன பிடிக்கவில்லை, எங்கே வலிக்கிறது, எல்லாம் அந்த நேரத்தில்தான். தீதி அதை எனக்கு நோர்வேஜியத்தில் சொல்ல, நான் போய்ச் செய்வேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பிரிவில் அவரைப் போல நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட ஆள் வேறு இருந்ததில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளுக்கு. எனக்கும் அவரோடு பகிடி விட்டுக்கொண்டு வேலை செய்வது பிடித்திருந்தது. ஆனால் களைப்பு. முதுகு போய்விட்டது. வீட்டில் என் மகள், "அம்மா, உங்களுக்கு டபிள் வக்ட் ஓ? ஷெஃபிட்டைச் சொல்லுங்கோவன்," என்றாள். வக்ட் என்றால் வேலை முறை, ஷெஃப் என்றால் தலைவி. சொல்ல முடியாது என்பதை அவளுக்கும் சொல்ல முடியவில்லை.

பங்குனியில் தலைவி கண்டுபிடித்துவிட்டார். யாரோ முறைப்பாடு செய்திருக்க வேண்டும். முதலில் தீதியைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலம் உள்ளே இருந்துவிட்டு வந்த தீதியின் முகம் சாம்பல் மாதிரி இருந்தது.

"என்ன கேட்டவ?"

"ஏன் அவரிட்டைப் போறேல்லை எண்டு. ஒரு நோயாளியைப் பார்க்க மறுத்தால் எழுத்திலை எச்சரிக்கை தரவேண்டி வருமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"வாயைத் திறந்து விளங்கப்படுத்துங்கோவன்!"

"எப்பிடி விளங்கப்படுத்திறது, பஹினி? காட்டு மனிசர் எண்டு நினைப்பா. என்னை நினைச்சால் பரவாயில்லை. அவரை நினைக்கக்கூடாது."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தலைவி என்னைக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றித் தந்தார். குரலில் கடுமையில்லை, உண்மையான கவலைதான் இருந்தது. "நீ அவளின் சிநேகிதி. எனக்கு உதவி செய். இப்படியே போனால் நான் அவளுக்கு எச்சரிக்கை எழுதத்தான் வேண்டும். என்ன பிரச்சினை?"

நான் சொல்லிவிட்டேன்.

எதற்காகச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். அவரின் வேலையைக் காப்பாற்றத்தான் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இருக்கிறது. முதுகு வலியும் இருந்தது. நோர்வேக்காரருக்கு விளங்காததை எனக்கு விளங்கப்படுத்தத் தெரியும் என்ற பெருமையும் இருந்தது. அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. தொடக்கூடாத முறையைச் சொன்னேன். தலைவி புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து, நன்றாக விளங்கட்டும் என்று, குளியலறைக் கதையையும் சொன்னேன். தும்புத்தடியைக்கூடச் சொன்னேன். வீட்டுக்குள் போடும் கம்பளித் தொப்பியைச் சொல்லிச் சிரித்தும் காட்டினேன்.

தலைவி சிரிக்கவில்லை. "பாவம்," என்றார்.

"யார்?"

"அவள்தான். சொந்த வேலையிடத்தில் ஒரு ஆணுக்கு முன்னால் தலையை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியிருக்கிறது. மனிதன் சாகக் கிடக்கும்போதுகூடத் தொடப் பயம். வீட்டில் அவளை எவ்வளவு அடக்கி வைத்திருப்பான்!"

"அப்பிடியில்லை," என்றேன். "அவர் நல்ல மனிசன். அவ விரும்பித்தான்..."

"இப்படி வளர்ந்தவர்களுக்கு விருப்பம் எது, பயம் எது என்று அவர்களுக்கே தெரியாது," என்றார் தலைவி. "நீ சொன்னது நல்லது. மிக்க நன்றி."

எச்சரிக்கை எழுதவில்லை. எட்டு நாளில் பெரியவரை நகரத்தின் மறு கரையிலுள்ள வேறொரு இல்லத்துக்கு மாற்றினார்கள், தீதியை அவரிடமிருந்து காப்பாற்றுவதற்காக. வண்டி வந்த காலையில் நான்தான் அவருக்கு உடுப்புப் போட்டேன். எங்கே போகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. "சோல்டினி, தம்பி வீட்டுக்கோ?" என்று கேட்டார். அந்தளவு நேபாள மொழி எனக்குத் தெரிந்திருந்தது. நான் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். தீதி வாசலில் கைகூப்பியபடி நின்றார். துவாய்க்குள் முகம் தெரியவில்லை.

யார் சொன்னது என்று தலைவியே தீதியிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான். உனக்கு இப்படி ஒரு சிநேகிதி இருப்பது அதிர்ஷ்டம் என்றாராம்.

அன்றிலிருந்து தீதி என்னைப் பஹினி என்று கூப்பிடவில்லை. எதுவுமே கூப்பிடவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை. நான் காலையில் கைகூப்பினால் தானும் கூப்புவார், கண்ணைப் பார்க்கமாட்டார். ஏதாவது வேலையாகச் சொல்லவேண்டுமென்றால் எனக்கு முன்னால் வந்து நிற்பார், நான் நிமிரும்வரை. தேநீரை மட்டும் நிறுத்தவில்லை. ஊற்றி என் அலுமாரிக்கு முன்னால் இருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டு விலகிப் போவார். அதைக் குடிக்கவும் மனமில்லை. குடிக்காமல் விடவும் பயம்.

இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். "நீர் செய்தது சரிதான்," என்றார். "என்ரை வேலை மிஞ்சினது." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீதி மூன்று வண்டி மாறிப் பெரியவரைப் பார்க்கப் போகிறார் என்று அவர் கணவரைக் கடையில் கண்டபோது அறிந்தேன். புது இடத்தில் யாருடைய கதையும் பெரியவருக்கு விளங்கவில்லையாம். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாராம். ஆண்களும் பெண்களுமாக வருகிறவர்களெல்லாம் தோளில் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். போய்ப் பார்க்க நானும் நினைத்தேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். அவர் என்னைச் சோல்டினி என்று கூப்பிட்டால் என்னால் தாங்க முடியாது என்ற பயம்தான் காரணம்.

வைகாசியில் ஒரு நாள் வேலைப் பட்டியலில் தீதியின் பெயருக்கு நேரே பதின்மூன்று நாள் விடுப்பு என்று இருந்தது. பெரியவர் இறந்தது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது; அவர்கள் துக்கம் காப்பது பதின்மூன்று நாள். தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை. உள்ளே ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது.

பதினான்காம் நாள் காலை அவர் வேலைக்கு வந்தார். பகல் முறை தொடங்கும் நேரம், கூட்ட அறையில் எட்டுப் பேர் கோப்பியோடு இருந்தோம். எல்லாரும் எழுந்து கட்டிப்பிடித்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். தலைவி கண் கலங்கி அவர் தோளைத் தடவினார். அவர் எல்லாவற்றையும் அமைதியாக வாங்கிக்கொண்டார். கடைசியாக நான் அவருக்கு முன்னால் போனேன். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினேன்.

அவர் கூப்பவில்லை. வலது கையை நீட்டினார், நோர்வேக்காரர் நீட்டுவதுபோல. எனக்கு வேறு வழியிருக்கவில்லை, கையைக் கொடுத்தேன். அளவாகப் பிடித்து, அளவாகக் குலுக்கி விட்டார்.

"நன்றி, யோகேஸ்வரி," என்றார்.

அந்த இல்லத்தில் என்னை எல்லாரும் யோகா என்றுதான் கூப்பிடுவார்கள், முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது. ஒரு எழுத்துப் பிசகாமல் என் பெயரைச் சொல்ல அங்கே அவர் ஒருவரால்தான் முடிந்தது. மற்ற ஏழு பேரும் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.